பூனைத் தொண்டையில் யானைச் சுருதி

மூன்று டன் எடையுள்ள ஆசிய யானை தன் கூட்டத்தோடு பேசும் அடிக்குரலில் விநாடிக்கு 14 முதல் 24 அதிர்வுகள் இருக்கும். நாலு கிலோ பூனை மடியில் சுருண்டு படுத்துக்கொண்டு போடும் 'குர்ர்' ஒலியில் விநாடிக்கு 20 முதல் 30 அதிர்வுகள். ஏறக்குறைய ஒரே சுருதி. ஒலியியல் படித்த எவருக்கும் இது உறுத்தும். உடம்பு சிறுத்தால் குரல்நாணும் சிறுக்கும், குரல்நாண் சிறுத்தால் சுருதி ஏறும் என்பது பொது விதி. எலி கீச்சிடுவதும் எருமை அடிவயிற்றிலிருந்து கத்துவதும் இந்த விதிப்படிதான். பூனையும் 'மியாவ்' என்னும்போது விதிக்குக் கட்டுப்பட்டு, விநாடிக்குப் பல நூறு அதிர்வுகளில் கத்துகிறது. அதே தொண்டை, அதே குரல்நாண். குறுகுறுக்கத் தொடங்கியதும் சுருதி எங்கோ பாதாளத்துக்குப் போய்விடுகிறது.

குறுகுறுக்கும் பூனையின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். முதலில் ஒரே சீரான அதிர்வு போலத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அதற்குள் மூச்சின் ஏற்ற இறக்கம் பிடிபடும். மூச்சை இழுக்கும்போதும் அதிர்கிறது, விடும்போதும் அதிர்கிறது. திசை மாறும் இடத்தில் மட்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு வெட்டு. நாம் பேசுவதும் பாடுவதும் மூச்சை விட்டுக்கொண்டே. இழுக்கும் மூச்சில் ஒரு வரி பேசிப் பார்த்தால் அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். பூனை இரண்டு திசையிலும் நிமிடக்கணக்கில், சில நேரம் அரை மணிக்கும் மேல், சளைக்காமல் ஓட்டுகிறது. மனிதக் காதின் கீழ் எல்லை விநாடிக்குச் சுமார் 20 அதிர்வு. எனவே அடிச் சுருதி நம் காதின் வாசற்படியில்தான் நிற்கிறது. நமக்குக் கேட்பதில் பெரும்பகுதி அதன் மடங்குகளான 50, 75, 100 அதிர்வுகளின் கலவை. மீதியை விரலும் மடியும் வாங்கிக்கொள்கின்றன.

இது எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விநோதமான விடைகள் உலவின. நெஞ்சுக்குள் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் சுழித்து ஓடுவதால் வரும் ஒலி என்றுகூடச் சொன்னார்கள். 1972இல் ரெம்மர்ஸ், கோத்தியே என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் குரல்வளைத் தசைகளில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். குறுகுறுக்கும்போது அந்தத் தசைகள் விநாடிக்கு 20 முதல் 30 முறை சுருங்கி விரிந்தன. ஒவ்வொரு சுருக்கத்திலும் குரல்நாண்களின் இடைவெளி மூடித் திறக்கிறது, அடைபட்ட காற்று 'பட்'டென்று வெளியேறுகிறது, அந்தப் 'பட்'டுகளின் தொடர்தான் 'குர்ர்' என்றார்கள். அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது. அரை நூற்றாண்டு பாடநூல்கள் இதையே சொல்லிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு நெருடல் இருந்தது. மற்றப் பாலூட்டிகள் குரல் எழுப்பும் விதம் வேறு. தசைகள் குரல்நாண்களை அருகருகே கொண்டுவந்து வைப்பதோடு சரி. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றினூடே பாயும்போது அவை தாமாக அதிர்கின்றன. நீங்கள் 200 அதிர்வில் 'ஆ' என்னும்போது மூளை விநாடிக்கு 200 கட்டளை அனுப்புவதில்லை. அப்படியிருக்கப் பூனைக்கு மட்டும் ஏன் தனி ஏற்பாடு?

யானையிடமும் இதே கேள்வி முன்பே எழுந்திருந்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சியகத்தில் 1984இல் ஆசிய யானைகளின் கூண்டருகே உட்கார்ந்திருந்த கேட்டி பெயின், காற்றில் ஏதோ துடிப்பதை உடம்பால் உணர்ந்தார். அவர் திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றபோது ஆர்கனின் மிகப் பெரிய குழாய் ஒலிக்கையில் இதே துடிப்பை உணர்ந்தது அவருக்கு நினைவு வந்தது. பதிவு செய்து ஆராய்ந்ததில், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. 1986இல் கட்டுரை வெளியானது. அந்த ஒலி பூனையைப் போலத் தசைத் துடிப்பால் வருகிறதா, மனிதக் குரலைப் போலக் காற்றால் வருகிறதா? வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் சகாக்களும் பெர்லினில் இயற்கையாக இறந்த ஓர் ஆப்பிரிக்க யானையின் குரல்வளையை எடுத்துக் குழாயில் பொருத்திக் காற்றை ஊதினார்கள். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. குரல்வளை விநாடிக்குச் சுமார் 16 அதிர்வில் முழங்கியது. 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த முடிவு இது: யானைக்குப் பூனையின் உபாயம் தேவையில்லை.

அந்த உபாயம் பூனைக்காவது தேவையா என்று சோதிக்க இன்னும் பதினோரு ஆண்டு ஆயிற்று. தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டு வீட்டுப் பூனைகளின் குரல்வளைகளை, வளர்த்தவர்களின் சம்மதத்தோடு பெற்று, அதே ஹெர்ப்ஸ்ட் குழுவினர் உடற்சூட்டில் ஈரக் காற்றை ஊதினார்கள். எட்டும் 25 முதல் 30 அதிர்வுக்குள் குறுகுறுத்தன. உயிரில்லாத குரல்வளை, ஒரு தசையும் சுருங்கவில்லை. 2023இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் இது வெளியானது.

ரகசியம் குரல்நாண்களுக்குள் இருந்தது. பூனையின் குரல்நாணில் 4 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள ஒரு திசு முடிச்சு பதிந்திருக்கிறது. அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல நம்மிடம் நல்ல உதாரணம் உண்டு. மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவார். தோல் அதேதான், அளவும் அதேதான். நடுவில் கொஞ்சம் பாரம் ஏறியதும் 'தொம்' என்று ஆழ்ந்த நாதம் வந்துவிடும். பூனையின் சின்னக் குரல்நாணிலும் அந்த முடிச்சு பாரமாக உட்கார்ந்து அதிர்வை மந்தமாக்குகிறது என்பதே ஆய்வாளர்களின் ஊகம். ரவையை வழித்து எடுக்க முடியாத தொப்பி அது. ஆனாலும் அதே நாணை வேறு விதமாக இழுத்துப் பிடித்து உயர்ந்த சுருதியில் 'மியாவ்' என்றும் பூனையால் சொல்ல முடிகிறது.

நம்மிடமும் இதன் சாயல் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் கரகரத்த தொண்டையில், காற்றை அதிகம் விடாமல், முடிந்தவரை தாழ்த்தி 'அ...' என்று இழுத்தால் ஒலி தொடர்ச்சியாக வராது. கதவுக் கீல் மெல்லத் திறப்பதுபோல் ஒவ்வொரு துடிப்பாக உதிரும். பூனையின் குறுகுறுப்பை ஆய்வாளர்கள் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள்.

இதனால் 1972ஆம் ஆண்டு ஆய்வு பொய்யாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மின்முனைகள் காட்டிய தசைத் துடிப்பு உண்மை. உடலிலிருந்து வெட்டி எடுத்த குரல்வளை உயிருள்ள தொண்டைக்கு ஈடாகாது என்று மறுப்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. காற்றே பெரும்பகுதி வேலையைச் செய்ய, தசைகள் அதைத் தொடங்கிவைத்து நீட்டித்துத் தருகின்றன என்று வைத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முடிவாகத் தெரியவேண்டுமானால் உயிருள்ள பூனை குறுகுறுக்கும்போது அதன் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். தொண்டைக்குள் கேமரா போகும்போதும் குறுகுறுக்கச் சம்மதிக்கும் பூனைக்கு எங்கே போவது? வீட்டுக்கு வீடு கேட்கும் ஓர் ஒலி இத்தனை காலம் புதிராக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரம் சேர்த்த குரல்நாண் என்ற கருத்துக்குச் சிவிங்கிப்புலி இன்னொரு பக்கத்திலிருந்து துணை வருகிறது. சுவீடனைச் சேர்ந்த ஒலியியலாளர் ராபர்ட் எக்லண்டும் சகாக்களும் 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிவிங்கிப்புலியின் குறுகுறுப்பைப் பதிவு செய்து வீட்டுப் பூனையினுடையதோடு ஒப்பிட்டார்கள். சிவிங்கிப்புலிக்கு விநாடிக்கு ஏறக்குறைய 21 அதிர்வு, பூனைக்கு 22. எடையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், சுருதியில் ஒன்றுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் மலைச்சிங்கமான பூமாவும் குறுகுறுக்கும். சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார் ஆகியவை வீட்டுப் பூனையைப் போல இடைவிடாமல் குறுகுறுப்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நாவடி எலும்பு முழுக்க எலும்பாக இறுகிய பூனைகள் குறுகுறுக்கும், ஒரு பகுதி நெகிழ்வாக இருப்பவை கர்ஜிக்கும் என்று நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்தது. அழகான விளக்கம். பனிச்சிறுத்தை அதைக் கெடுத்தது. அதன் நாவடி எலும்பு சிங்கத்தினுடையதைப் போல நெகிழ்வானது. ஆனால் அதற்குக் கர்ஜிக்கத் தெரியாது. எலும்பைவிடக் குரல்நாண்களின் வடிவமே முக்கியம் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது.

புலிக்கு அன்பு காட்ட ஒலியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாகக் காற்றைத் துண்டு துண்டாக வெளியேற்றி 'ப்ஃப்-ப்ஃப்-ப்ஃப்' என்று ஒரு விநாடிகூட நீடிக்காத ஓர் ஒலியை எழுப்பும். தாய் குட்டியிடமும், பழகிய புலி இன்னொரு புலியிடமும், காட்சியகத்துப் புலி தன்னை வளர்த்தவரிடமும் இப்படிச் செய்யும். பனிச்சிறுத்தையிடமும் படைச்சிறுத்தையிடமும் இது உண்டு. எதிரியிடம் யாரும் இதைச் செய்வதில்லை.

பூனைக் குடும்பத்துக்கு வெளியே குறுகுறுப்பவை எவை என்று ஜெர்மனியின் குஸ்தாவ் பீட்டர்ஸ் 2002இல் சல்லடை போட்டுச் சலித்தார். கினிப்பன்றி, முயல், கரடிக்குட்டி, லீமர் என்று பல விலங்குகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். மூச்சின் இரு திசையிலும் தொடரும் உண்மையான குறுகுறுப்பு என்று அவர் உறுதியாக ஒப்புக்கொண்டது பூனைக் குடும்பத்தையும், ஆப்பிரிக்காவின் ஜெனட் விலங்குகளையும் மட்டுமே. ஜெனட் நம் ஊர்ப் புனுகுப்பூனையின் குடும்பம், பெயரில்தான் பூனை. முயல் செய்வது தொண்டை வேலையே இல்லை. தடவிக்கொடுத்தால் பற்களை மெல்ல உரசிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது இந்தப் பட்டியலைவிட வேறொன்று. 1977இல் அமெரிக்கப் பறவையியலாளர் யூஜீன் மார்ட்டன் ஒரு பொது விதியை முன்வைத்தார். பறவையானாலும் பாலூட்டியானாலும் சண்டைக்கு நிற்கும்போது தாழ்ந்த, கரடுமுரடான ஒலி. பணியும்போதும் நட்பு காட்டும்போதும் உயர்ந்த, தெளிவான ஒலி. தாழ்ந்த குரல் 'நான் பெரியவன்' என்கிறது, உயர்ந்த குரல் 'நான் சின்னவன், அடிக்காதே' என்கிறது. நாய் உறுமுவதையும் முனகுவதையும் கேட்டவர்களுக்கு விதி சட்டென விளங்கும். குறுகுறுப்பு இதற்கு நேர் எதிர். தாழ்ந்தும் இருக்கிறது, கரடுமுரடாகவும் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. காரணம் அதன் அடக்கம் என்றே நினைக்கிறேன். உறுமல் எதிராளியின் காதுவரை போயாக வேண்டும். குறுகுறுப்புக்கு ஒரு முழத் தூரம் போதும். அதற்கு அப்பால் யாருக்கும் கேட்காமல் இருப்பதே நல்லது. பிறந்த குட்டிகளுக்குக் கண் திறந்திருக்காது, காதும் அடைத்திருக்கும். அவை இருக்குமிடம் வேட்டை விலங்குக்குத் தெரியக்கூடாது, தாய்க்கும் குட்டிக்கும் இடையே தொடர்பும் அறுபடக்கூடாது. உடம்போடு உடம்பு ஒட்டியிருக்கும்போது தோல் வழியே செல்லும் அதிர்வு இதற்கு எவ்வளவு தோது! குட்டி பிறந்த சில நாட்களிலேயே பதிலுக்குக் குறுகுறுக்கத் தொடங்கிவிடும். வாய் நிறைய மடிக்காம்பு இருந்தாலும் தடையில்லை, மூச்சு மூக்கு வழியாகப் போய்வருகிறதே.

மாட்டுக் கொட்டிலில் நின்றவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் தெரிந்திருக்கும். ஈன்ற பசு கன்றை நக்கிக்கொண்டே, வாயைத் திறக்காமல், நெஞ்சுக்குள் 'ம்ம்... ம்ம்...' என்னும். அதே பசு கன்றைக் காணோமென்றால் வாயைத் திறந்து 'அம்மா' என்று தெருவே அதிரக் கத்தும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம், லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் அளந்தார்கள். கன்று அருகிலிருக்கும்போது வரும் வாய்மூடிய குரல் விநாடிக்குச் சுமார் 81 அதிர்வு. பிரிந்திருக்கும்போது வருவது 153. ஒவ்வொரு பசுவின் குரலும் தனி அடையாளம் கொண்டது என்பதும் தெரியவந்தது.

எலிக்கும் இப்படி ஒன்று இருக்கிறது, மறு கோடியில். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஓஹையோவில் யாக் பாங்க்செப் ஆய்வகத்து எலிகளின் கழுத்தையும் வயிற்றையும் விரலால் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். எலிகள் விநாடிக்குச் சுமார் 50,000 அதிர்வில் ஒலியெழுப்பின. விரலை எடுத்தால் அதைத் தேடி ஓடிவந்தன. நம் காதின் மேல் எல்லை 20,000. கருவி இல்லாமல் அந்தக் குதூகலம் நம் காதுக்கு வந்தே இராது. யானையிடம் மிகத் தாழ்ந்து, எலியிடம் மிக உயர்ந்து, பசுவிடம் மிக மெல்ல: விலங்குகள் பிரியமாகப் பேசுவதில் பாதியை நாம் தவறவிட்டிருக்கிறோம். சண்டைக் குரல்களைத் தவறவிட்டது குறைவு.

பூனை நம்மோடு வாழத் தொடங்கிய பிறகு இந்த அந்தரங்க ஒலிக்குள் கொஞ்சம் சாமர்த்தியத்தையும் கலந்துகொண்டது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப், தன் பூனை தினமும் காலையில் தன்னை எழுப்பும் விதத்தில் ஏதோ வற்புறுத்தல் இருப்பதைக் கவனித்தார். பத்துப் பூனைகளை வளர்ப்பவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, சாப்பாடு கேட்கும்போதும் சும்மா படுத்திருக்கும்போதும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொன்னார். சாப்பாட்டுக் குறுகுறுப்புக்குள், சுமார் 380 அதிர்வில், ஓர் அழுகைக் கீற்று ஒளிந்திருந்தது. பச்சைக் குழந்தையின் அழுகையும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் வரும். ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டியபோது, பூனையே வளர்க்காதவர்கள்கூட 'இது அவசரமாகக் கேட்கிறது, இனிமையாகவும் இல்லை' என்றார்கள். கணினியில் அந்தக் கீற்றை மட்டும் நீக்கிப் போட்டால் அவசரம் குறைந்துவிட்டது. 2009இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு. நாலு பேர் சலசலக்கும் வீட்டைவிட, ஒற்றை ஆளோடு வாழும் பூனைகளிடம்தான் இது அதிகம். இரைச்சலான வீட்டில் பூனை நேராக மியாவ் என்று கத்திவிடுகிறது போலும்.

குறுகுறுக்கும் பூனை சந்தோஷமாக இருக்கிறது என்பது பாதி உண்மை. எலும்பு முறிந்த பூனையும் குறுகுறுக்கும், பிரசவ வலியில் இருக்கும் பூனையும் குறுகுறுக்கும், சாகும் தறுவாயிலும் சில பூனைகள் குறுகுறுக்கும். இதிலிருந்து கிளம்பியதுதான் 'பூனை தன் ஒலியால் எலும்பை ஒட்டவைத்துக்கொள்கிறது' என்ற, வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் செய்தி. அதற்கு ஒரு முளை உண்டு. குறுகுறுப்பு ஆற்றும் மருந்தாக இருக்கலாம் என்று எலிசபெத் வான் முகென்தாலர் 2001இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதே ஆண்டு 'நேச்சர்' இதழில், தினம் இருபது நிமிடம் 30 அதிர்வில் நடுங்கும் தட்டில் ஓராண்டு நிறுத்திவைத்த செம்மறியாடுகளின் தொடையெலும்பில் உட்பகுதியின் அடர்த்தி 34 சதவீதம் கூடியதாக கிளின்டன் ரூபினின் ஆய்வு வெளியானது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தட்டில் நின்ற ஆட்டுக்கும் மடியில் படுத்த பூனைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. வயதானவர்களை நடுங்கும் தட்டில் இரண்டாண்டு நிறுத்திப் பார்த்து 2015இல் வெளியான சோதனையில் எலும்பு அடர்த்தி கூடவில்லை. வலியில் இருக்கும் குழந்தை அம்மாவைக் கூப்பிடுவதுபோல, பூனை குட்டிக்காலத்து ஆறுதல் ஒலிக்குத் திரும்புகிறது என்ற விளக்கம் பகட்டில்லாதது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பம் நிஜமாகவே தலைவலியாவது கால்நடை மருத்துவருக்குத்தான். மேசைமேல் பூனை; நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயத் துடிப்பு கேட்பதில்லை, குறுகுறுப்புதான் காதை அடைக்கிறது. இதய வால்வில் லேசான முணுமுணுப்பு இருந்தால் அதற்குள் அமுங்கிவிடும். பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலர் இதை எப்படி நிறுத்துவது என்று முறையாகவே சோதித்து 2014இல் எழுதினார்கள். காதில் ஊதுவது, பக்கத்தில் ஸ்பிரிட் கலந்த ஸ்பிரே அடிப்பது இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது, பக்கத்துத் தொட்டியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது. 21 பூனைகளில் 17 உடனே நிறுத்தின. கூட வந்தவர் 'பாருங்க டாக்டர், எவ்வளவு ஜாலியா இருக்கான்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். மருத்துவரோ காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருக்கின்றனவா, கண்மணி விரிந்திருக்கிறதா, வால் உடம்போடு ஒடுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து, கிடைத்த சில விநாடிகளில் துடிப்பை எண்ணத் தொடங்குவார்.